மூலிகைத் தண்ணீர் என்று சொல்லித் தப்ப முடியாது

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் விடுதிகளுக்கும் வாடகைக்கு விடும் தோட்ட வீடுகளுக்கும் செப்டிக் டேங்க் அனுமதியைச் சுகாதாரத் துறை கொடுக்கட்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து மூடியைத் திறந்து பார்க்கட்டும் என்று பேச்செடுத்தாலே எதிர்ப்பு கிளம்பிவிடுகிறது. சுற்றுலாவை நம்பி இடம் வாங்கிப் போட்டவர்களிடம் வாதம் தயாராக இருக்கிறது. ‘மலைத் தண்ணீர் மூலிகை மேல் பட்டு வருகிறது, ஓடுகிற தண்ணீர் தானே சுத்தமாகிக்கொள்ளும். டேங்க்கிலிருந்து கசிந்தாலும் மண் வடிகட்டிவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு அதிகாரி வந்தால் இன்னொரு லஞ்சம், அல்லல்படப் போவது ஏழை வீட்டுக்காரன்தான். இத்தனை வருஷமாகக் குளிக்கிறார்களே, யாருக்கு என்ன ஆயிற்று?’ கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஒன்றுகூட நிற்காது. அதிலும் அந்தக் கடைசிக் கேள்வி உயிருக்கு உலை வைப்பது.

முதலில் மூலிகை. கொல்லிமலை சித்த மருத்துவத்துக்குப் பேர்போன மலை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மனிதக் குடலிலிருந்து வந்த கிருமியைக் கொல்லும் அளவுக்கு எந்த மூலிகையும் ஆற்றில் கரைந்து வருவதில்லை. வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் அய்யாறு, ஆகாய கங்கையாக ஏறத்தாழ 300 அடி விழுந்து, காட்டுக்குள் பாறைக்குப் பாறை இறங்கிப் புளியஞ்சோலையில் வெளியே வருகிறது. ஓடும் நீர் ஓரளவு தேறும் என்பது உண்மைதான். அதற்கு நிறைய தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும், நேரம் வேண்டும். இங்கே கூட்டம் அதிகம் வருவது எப்போது? பள்ளி விடுமுறை விட்ட மே மாதத்தில். அப்போதுதான் ஆறு மெலிந்து, பாறை இடுக்குகளில் தேங்கிய குட்டைகளாகக் கிடக்கிறது. அந்தக் குட்டைகளில்தான் குழந்தைகளை இறக்கி விடுகிறோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரிவதைச் சுத்தத்துக்குச் சாட்சி என்று காட்டுகிறீர்கள். டைபாய்டு கிருமிக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது.

அடுத்தது, மண் வடிகட்டிவிடும் என்ற பேச்சு. மண் இருந்தால்தானே வடிகட்ட? இந்த அடிவாரத்தில் பல இடங்களில் கடப்பாரை இரண்டு அடி இறங்குவதற்குள் பாறையில் மோதுகிறது. கொல்லிமலை சார்னோக்கைட் வகைக் கடும்பாறை மலை. தண்ணீர் அந்தப் பாறைக்குள் நுழைவதில்லை, அதன் வெடிப்புகள் வழியே ஓடுகிறது. செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. வெடிப்புள்ள பாறை நிலத்தில் உறிஞ்சுகுழியே பரிந்துரைக்கத்தக்கதல்ல, அசுத்தம் வெகுதூரம் போய்விடும் என்றும் எச்சரிக்கிறது. உங்கள் ‘மண்’ வாதத்துக்கு நாட்டின் தர விதியே பதில் எழுதி வைத்திருக்கிறது.

சரி, நம் பக்கத்தில் செப்டிக் டேங்க் என்று எதைச் சொல்கிறோம்? நாலைந்து சிமென்ட் உறையை இறக்கி, அடியைப் பூசாமல் விட்டு, மேலே ஒரு கான்கிரீட் மூடி போட்டால் அது செப்டிக் டேங்க் ஆகிவிடுகிறது. கட்டட வரைபடத்தில் ஒரு செவ்வகம் இருக்கும், அளவு எழுதியிருக்கும். தரைக்கு அடியில் இருப்பது வேறு. ‘பத்து வருஷமாச்சுங்க, இன்னும் நிறையவே இல்லை’ என்று பெருமையாகச் சொல்லும் உரிமையாளர்களை எங்கும் பார்க்கலாம். பத்து ஆண்டில் நிறையாத டேங்க் என்றால் அது கசிகிறது என்று அர்த்தம். ஒழுங்காகக் கட்டியது நீர் கசியாத இரண்டு அறைத் தொட்டி. கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பசையும் லேசானதும் மேலே ஆடையாகக் கட்டும், நடுவில் நிற்கும் நீர் மட்டும் ‘டி’ குழாய் வழியே வெளியேறும். அந்த நீரிலும் கிருமி இருக்கும். தொட்டி செய்வது பாதி வேலைதான், மீதி அதை எங்கே, எந்த நிலத்தில் விடுகிறோம் என்பதில் இருக்கிறது. சேறு மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டால் அந்தப் பாதி வேலையும் நின்றுபோகும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நீளமான கம்பின் முனையில் வெள்ளைத் துணி சுற்றி, மூடித் துளை வழியே அடிவரை இறக்கிச் சற்று நேரம் வைத்து எடுத்தால், எத்தனை அடி சேறு என்று துணியில் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். கழிப்பறையில் பச்சைச் சாயத்தைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடைக்கரையில் காத்திருந்தால், சாயம் வெளியே வருகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு சுகாதார ஆய்வாளர் அரை நாளில் நாலைந்து இடம் பார்த்துவிடலாம். இதையா அராஜகம் என்கிறீர்கள்?

இனி அந்தக் கடைசிக் கேள்வி: யாருக்கு என்ன ஆயிற்று? ஆற்றில் குளித்து நாலு வாய் தண்ணீர் விழுங்கிய பிள்ளை அன்று மாலையே நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ திருச்சிக்கோ போய்விடுகிறது. டைபாய்டு வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ-க்கு இரண்டிலிருந்து ஏழு வாரம். அதற்குள் அந்தக் குடும்பம் புளியஞ்சோலையையே மறந்திருக்கும். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கும், வேறு ஊர் மருத்துவமனையின் பதிவேட்டில் பெயர் ஏறும். இந்த ஆற்றின் நோயாளிகள் இந்த ஊரில் படுப்பதில்லை. அவர்களை இங்கே காணோம் என்பதை ஆறு சுத்தமாக இருப்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது பொறுப்பற்ற பேச்சு.

1955 டிசம்பரில் டெல்லியிலும் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் நினைத்தார்கள். அதற்கு முன் வந்த வெள்ளத்தில் யமுனை போக்கு மாற, நஜஃப்கர் சாக்கடை நீர் வஜீராபாத் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு எதிரேறி வந்தது. குளோரினை அதிகமாக்கினார்கள். பாக்டீரியா அடங்கியது, வைரஸ் அடங்கவில்லை. ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. கர்ப்பிணிகளிடையே சாவு அதிகம். ஹெபடைடிஸ் ஈ என்று அந்த வைரஸுக்குப் பெயர் கிடைக்கவே இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்த தலைநகரத்தின் கதி அது. புளியஞ்சோலைக் குட்டைக்கு யார் குளோரின் போடுகிறார்கள்?

வாரியம் இருக்கிறதே என்பதும் பாதி உண்மைதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி ஆலைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் இசைவாணை தருகிறது. தென்னந்தோப்புக்குள் நாலு அறை கட்டி சனி ஞாயிறு வாடகைக்கு விடுகிறவர் அந்த வாசலுக்குப் போவதே இல்லை. அவரைத் தேடி ஊருக்குள் வரக்கூடியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வாளர்தான். சட்டமும் புதிதல்ல. 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே சென்னை மாகாணத்துக்காக எழுதப்பட்டது. கழிவுநீர் வழி, கழிப்பிடம், குடிநீர் ஆதாரம், தங்கும் விடுதி, திருவிழா எல்லாம் அதில் இருக்கின்றன. செப்டிக் டேங்க் பராமரிப்புக்கென்று 2014இல் தமிழக அரசே உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டி விதிகள் வெளியிட்டது. 2022இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தி, கழிவுநீர் லாரிக்கு உரிமம் கட்டாயமாக்கி, கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய், மறு தடவை 50,000 ரூபாய் அபராதம் என்றார்கள். திருச்சி மாநகராட்சியில் தனியார் லாரிகள் போய்க் கொட்டுவதற்கென்றே நீரேற்று நிலையங்களில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நகரத்துக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு, ஆறு இறங்கும் அடிவாரத்துக்கு ஏன் வரக்கூடாது?

லஞ்சப் பேச்சைத்தான் நான் மதித்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் அதை நம்புகிறார்கள், நம்பக் காரணமும் உண்டு. சான்றிதழ் என்றாலே கையை நீட்டும் அலுவலகங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் நாம். ஆனால் விதி எழுதப்படாத இடத்தில்தான் அதிகாரி வாய்க்கு வந்ததைக் கேட்பார். என்ன பார்ப்பார், எப்போது வருவார், கட்டணம் எவ்வளவு, முடிவை ஊராட்சிப் பலகையில் எந்தத் தேதிக்குள் ஒட்ட வேண்டும் என்று அச்சில் இருந்தால் கேட்பதற்கு இடம் குறையும். அப்புறம், ஏழை வீட்டுக்காரனை உங்கள் கேடயமாகப் பிடிக்காதீர்கள். அவன் வீட்டுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை போதும், மண் ஆழமுள்ள இடமாகப் பார்த்து அமைத்தால் அதற்கு எந்த லாரியும் வர வேண்டியதில்லை. அவனிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது என்றுதான் நாங்களும் சொல்கிறோம். கேள்வி, ஒரே இரவில் முப்பது பேரைத் தங்கவைத்துக் காசு பார்க்கிறவரைப் பற்றியது. ஓடைத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு போகும் வீடு எது, புட்டித் தண்ணீர் வாங்கும் வீடு எது என்று உங்களுக்கே தெரியும். மேற்பார்வை வேண்டாம் என்று நீங்கள் சொல்லும்போது விலை கொடுப்பது அந்தக் குடம்தான்.

இன்னொரு ஆளையும் மறந்துவிட்டீர்கள். லாரி போக முடியாத சரிவில், வழியில்லாத மூலையில் டேங்க் கட்டிவிட்டு, நிறைந்ததும் ஆளை இறக்குகிறார்கள். மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அப்படி இறங்கிச் செத்தால் தரும் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கட்டுமுன்பே ஒரு ஆய்வாளர் வந்து, லாரி குழாய் எட்டுமா என்று பார்த்திருந்தால் அந்த உயிர் போகாது.

கனடாவில் வாக்கர்ட்டன் என்று சுமார் 5,000 பேர் வாழும் சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணம் கரைந்து ஊர்க் கிணற்றுக்குள் இறங்கி, ஏழு பேர் செத்தார்கள், 2,000 பேருக்கு மேல் படுத்தார்கள். அதன் பிறகுதான் ஒன்டாரியோ மாகாணம், குடிநீர்க் கிணறுகளை ஒட்டிய பாதுகாப்புப் பகுதிகளில் செப்டிக் டேங்க்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. நமக்கு அருகே, கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரச் சாக்கடை கலந்த ஊட்டி ஏரியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை மீட்க இன்றுவரை பணம் கொட்டுகிறார்கள். புளியஞ்சோலை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. மேற்பார்வையை இப்போது கேட்பதற்குக் காரணமே அதுதான்.

கடைசியாக, யாரும் பேசாத சிக்கல் ஒன்று. அருவி நாமக்கல் மாவட்டம், ஆறு இறங்கும் இடம் திருச்சி மாவட்டம், துறையூர் வட்டம். மேலே கோயிலைச் சுற்றி எழும் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் கீழே குளிக்கிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கீழே இருக்கும் சுகாதார அலுவலருக்கு மேலே என்ன கட்டுகிறார்கள் என்று தெரிய வழியில்லை. இரண்டு மாவட்டச் சுகாதார அலுவலர்களும் சேர்ந்த ஒரு குழு, அய்யாற்று நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் ஒரே பதிவேடு, மாதம் ஒருமுறை புளியஞ்சோலைத் தண்ணீரைப் பரிசோதித்து முடிவைச் சோதனைச்சாவடியில் ஒட்டுவது: இவை மூன்றையும் இரு மாவட்ட ஆட்சியர்களும் வரும் ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கு முன் தொடங்க வேண்டும்.

அதுவரை, இங்கே அறை எடுக்க வரும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏ.சி. இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், டேங்க்கைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள், எந்த லாரி எடுத்தது, எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாத விடுதிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.