ஃபைட்டருக்கு ஏன் தனிச்சிறை?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஃபைட்டர் மீனைத் தொட்டியில் பார்ப்பது அபூர்வம். பிளாஸ்டிக் டப்பா, ஊறுகாய் ஜாடி, கழுத்து அறுத்த தண்ணீர் பாட்டில் என்று கிடைத்ததில் முக்கால்வாசி தண்ணீர், அதற்குள் ஒரு மீன். பக்கத்து டப்பாக்காரனைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டே இருக்கக் கூடாது என்று நடுவில் ஓர் அட்டை. விலை கேட்டால் அறிவுரையும் சேர்ந்தே வரும்: "மோட்டார் வேணாம் சார், ஃபில்டர் வேணாம். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணிய மாத்துங்க, போதும். வேற மீனோட மட்டும் விட்டுடாதீங்க, கடிச்சுக் கொன்னுடும்."

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாடிவீட்டுக்காரர், அலுவலக நண்பர், மீன் வளர்க்கும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். இதன் பலமே, தொடக்கத்தில் ஓர் உண்மை இருப்பதுதான். வளர்ந்த இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டை நிச்சயம். ஒன்று சாகவும் செய்யலாம். ஆனால் அங்கிருந்து "எந்த மீனோடும் சேராது" என்று ஒரு தாவல், அதிலிருந்து "பாட்டிலே போதும்" என்று இன்னொரு தாவல். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது.

இந்த மீனின் சொந்த ஊர் மத்திய தாய்லாந்து. சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியின் வயல்கள், சதுப்புகள், வாய்க்கால்கள். 2019-இல் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. எருமையின் குளம்படியில் தேங்கிய நீரிலேயே வாழ்கிற மீன் என்று இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பாட்டில் கட்சியின் பிரதான சாட்சி அதுதான். வயலில் தண்ணீரின் ஆழம் குறைவு, சரி. ஆனால் அது ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கும் தண்ணீர். புல்லும் பாசியும் மண்டிய அந்த நீரில் ரஸ்போராக்கள், கௌராமிகள், அயிரை மாதிரியான அடிமட்ட மீன்கள், பனையேறிக் கெண்டை எல்லாம் சேர்ந்தே திரிகின்றன. கோடையில் வயல் வற்றும்போது சில மீன்கள் குட்டையில் மாட்டிக்கொள்ளும். பஞ்ச காலத்தில் ஒருவன் கிழங்கு தின்று பிழைத்தான் என்பதற்காக அதுவே அவன் உணவு என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

நம் பக்கத்திலேயே இதன் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீனைக் கொண்டு 1831-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான சின்ன மீன்; 'கூபானஸ்' என்ற அதன் அறிவியல் பெயரே அந்த ஆற்றிலிருந்து வந்தது. ஃபைட்டரின் குடும்பம்தான். அதேபோல மேலே வந்து காற்றை விழுங்கும், அதேபோல நுரைக்கூடு கட்டும், ஆண்தான் முட்டைக்குக் காவல். தமிழ்நாட்டு, கேரள, இலங்கை வயல்களிலும் ஓடைகளிலும் மற்றப் பொடிமீன்களோடு கலந்துதான் வாழ்கிறது. பகட்டான வால் இல்லை என்பதால் இதற்கு வியாபாரமும் இல்லை. வியாபாரம் இல்லாததால் இது பாட்டிலில் வாழப் பிறந்த மீன் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

காற்றை விழுங்கும் திறமைதான் ஃபைட்டருக்கு வினையாகிவிட்டது. செவுளுக்கு மேலே இதற்குத் தனியாக ஒரு சுவாச உறுப்பு உண்டு. ஆகவே ஆக்சிஜன் மோட்டார் கட்டாயமில்லை என்று கடைக்காரர் சொல்வது ஏறக்குறைய சரி. ஃபில்டரும் வேண்டாம் என்பதுதான் தவறு. மூச்சுக்கு மாற்றுவழி இருக்கிறதே ஒழிய கழிவுக்கு இல்லை. மீன் தன் உடலின் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் நீரில் விடுகிறது. ஃபில்டர் உள்ள தொட்டியில் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிய பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். அரை லிட்டர் பாட்டிலில் அந்தப் பாக்டீரியாவுக்கு இடமே இல்லை. மீன் தன் கழிவிலேயே ஒரு வாரம் ஊறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய நீரை மொத்தமாகக் கொட்டிவிட்டுக் குளோரின் வாடை போகாத குழாய்த்தண்ணீரை ஊற்றுகிறோம். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூலையில் சுருண்டு அசையாமல் கிடக்கிற மீனைப் பார்த்து "ரொம்ப சாது" என்று நாமே சான்றிதழும் கொடுத்துக்கொள்கிறோம்.

தாய்லாந்துப் பண்ணைகளே பாட்டிலில்தானே வைக்கின்றன என்று கேட்பார்கள். வைக்கிறார்கள்தான். ஆனால் அங்கேயும் குஞ்சுகள் பெரிய தொட்டிகளிலும் குளங்களிலும் உடன்பிறப்புகளோடு ஒன்றாகத்தான் வளர்கின்றன. சில மாதங்களில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கிய பிறகே பிரித்து, வால் கிழியாமல் விற்பதற்காகப் பாட்டிலுக்கு மாற்றுகிறார்கள். அது சரக்கைக் கட்டிவைக்கும் ஏற்பாடு. வாங்கிய பிறகும் அந்தக் கட்டைப் பிரிக்காதது நம் வேலை.

கோபமும் ஓரளவு மனிதன் ஊட்டியதுதான். பந்தயத்துக்காகச் சண்டைக்காரர்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து இனம் பெருக்கியவர்கள் நாம்தான். இந்த மீனை மனிதன் வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 400 ஆண்டுகள் ஆகின்றன என்று 2022-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. அத்தனை தலைமுறை ஊட்டிய பிறகும் அந்தக் கோபத்தின் முதல் இலக்கு இன்னோர் ஆண் ஃபைட்டர்தான். அல்லது விரிந்த வாலும் பளிச்சென்ற நிறமுமாக அப்படித் தோற்றம் தருகிற ஏதாவது. பெரிய வால் கப்பி அடிவாங்குவது இதனால்தான். கௌராமிக்கும் இதே ஆபத்து. மண்ணிறத்தில் அடியில் மேயும் கோரிடோராஸ் மீதோ, கூட்டமாகப் பாயும் சின்ன ரஸ்போராக்கள் மீதோ பெரும்பாலான ஃபைட்டர்களுக்கு நீடித்த பகை கிடையாது.

இரண்டடித் தொட்டி ஒன்றைக் கவனித்தால் போதும். நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர்; விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். பின்பக்கம் அடர்த்தியாகச் செடி, மேலே கொஞ்சம் மிதவைத் தாவரம், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், எட்டுப் பத்து ஹார்லிக்வின் ரஸ்போரா. அவை பழகிய பிறகு கடைசியாக ஃபைட்டரை விட வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். விட்டதும் செவுள் மூடியை விரித்துக்கொண்டு கூட்டத்தின் மீது பாயும். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அதன் பின்னால் ஒன்றுசேரும். திரும்பிப் பாயும்; மறுபடி அதேதான். எட்டாத எதிரி மீது எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது? கொஞ்ச நேரத்தில் செடிகளுக்குள் நுழைந்து ஒவ்வோர் இலையாக மோந்துபார்க்கக் கிளம்பிவிடும். பிறகு மேல்மட்டத்தில் ஓர் அகன்ற இலையைத் தேர்ந்துகொண்டு அதன்மேல் உடம்பைச் சாய்த்துப் படுக்கும். இப்படிப் படுப்பதைப் பாட்டிலில் வைத்திருப்பவர்கள் பார்த்திருக்க வழியில்லை. சிக்கல் வருவது சாப்பாட்டு நேரத்தில்தான். இது நிதானமாக வந்து சேர்வதற்குள் ரஸ்போராக்கள் எல்லா உருண்டைகளையும் முடித்துவிடும். அதன் பங்கைத் தனி மூலையில் போட்டுப் பழக்க வேண்டும்.

கம்யூனிட்டி தொட்டியில் ஃபைட்டர் செத்த கதைகள் நிறைய உண்டு. அவற்றைக் கொஞ்சம் துருவிக் கேளுங்கள்: கூட யார் இருந்தார்கள்? பெரும்பாலும் டைகர் பார்ப், இல்லையென்றால் செர்பே டெட்ரா, ஏஞ்சல். இரவு விட்ட ஹாஃப்மூன் ஃபைட்டரின் வால் காலையில் நார்நாராகத் தொங்கும். அரைவட்டமாக விரியும் அந்த வாலைச் சுமந்துகொண்டு அதனால் வேகமாக நீந்தவும் முடியாது, தப்பவும் முடியாது. கொன்றவர்களை விட்டுவிட்டுச் செத்தவன் மீது ரவுடிப் பட்டம் கட்டுகிற விநோதம் இங்கேதான் நடக்கிறது. "எதோட வேணாலும் விடலாம்" என்று சொல்லி அனுப்புகிற கடைகளும் இருக்கின்றன. அது பாட்டிலைவிடச் சீக்கிரமாகக் கொல்லும். நீளவாலுக்கு மற்றவர்களால் ஆபத்து என்றால், குட்டைவால் பிளாகட் வேகமாக நீந்தும், கடித்தாலும் கடிக்கும். செர்ரி இறாலை எந்த ஃபைட்டரிடமும் நம்பி ஒப்படைக்க முடியாது.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒத்துவராத ஃபைட்டர்களும் உண்டு. இரண்டு மூன்று நாள் கழித்தும் விடாமல் துரத்துகிறது, மற்றவை மூலையில் ஒடுங்கி நிற்கின்றன என்றால் பிரித்துவிடுவதே நியாயம். அதற்கென்று 20 லிட்டர் தொட்டி ஒன்றை ஃபில்டரோடும் செடியோடும் தயாராக வைத்துக்கொண்டுதான் இந்த மீனை வாங்கப் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் ஹீட்டர் செலவும் அநேகமாக மிச்சம். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையென்றால் மட்டும் யோசிக்கலாம். தனியாக இருக்கட்டும், தவறில்லை. ஆனால் தனியாக இருப்பதற்கும் அரை லிட்டரில் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.