பிள்ளைச்சாவடிப் பிள்ளைகளுக்கு எந்தப் பாரதி?

பாரதியார் பிறந்தநாளையொட்டிப் பள்ளியில் நடந்த ஒப்பித்தல் போட்டிக்காக என் மகள் இரண்டு வாரம் பாட்டு மனப்பாடம் செய்தாள். அடுப்படியில் அம்மாவுக்கு ஒருமுறை, திண்ணையில் வலை பின்னும் தாத்தாவுக்கு ஒருமுறை என்று சொல்லிச் சொல்லி, பாட்டு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போட்டி முடிந்து வந்தவள் முகம் வாடியிருந்தது. இரண்டு இடங்களில் சொல் மாறிவிட்டதென்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்களாம். "நான் தப்பாச் சொல்லலப்பா. புஸ்தகத்துல இப்படித்தான் இருக்கு" என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். அப்படித்தான் இருந்தது. நடுவர் கையிலிருந்த புத்தகத்தில் வேறு சொல் இருந்திருக்கிறது. இரண்டுமே அச்சான புத்தகங்கள். இரண்டின் அட்டையிலும் முண்டாசு கட்டிய அதே பாரதி.

எங்கள் புத்தகம் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கியது. முன்பக்கங்களைப் புரட்டினேன். அச்சகத்தின் பெயர் இருந்தது, விலை இருந்தது. பதிப்பித்தவர் யார், எந்த மூலத்தைப் பார்த்து அச்சிட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. இதைப் பார்த்து ஒரு குழந்தை எப்படிச் சரிபார்க்கும்? அப்பன் எனக்கே தெரியவில்லையே.

பாரதி 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் வாழ்ந்த மண் இந்தப் புதுச்சேரி. 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் 1912-இல் வந்தபோது அவர் இங்கேதான் இருந்தார். முதலில் பத்திரிகையில் வந்து பிறகு நூலில் சேர்ந்த பாடல்கள் உண்டு. 1921-இல் அவர் மறைந்தபின் கையெழுத்துப் படியிலிருந்து அச்சேறியவை உண்டு. அதனால் சொல் வேறுபட்டாலே அச்சுப்பிழை என்று தள்ளிவிட முடியாது. எது பாரதியின் சொல், எது அச்சுக் கோத்தவரின் கைத்தவறு என்று பிரித்துச் சொல்லத்தான் பதிப்பாசிரியர் வேண்டும்.

அந்த உழைப்பைக் கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் பாரதி பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தது. சீனி. விசுவநாதன் ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்த பாரதி படைப்புகள் கால வரிசையில் 23 தொகுதிகளாக 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டன. இவை எங்கள் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை என்பதுதான் குறை.

1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை வாங்கியது. பின்னர் அவை மக்களின் பொதுச் சொத்தாயின. எங்களைப் போன்ற வீடுகளுக்கு மலிவு விலையில் பாரதி வந்து சேர்ந்தது அந்த நல்ல முடிவால்தான். ஆனால், யாரும் அச்சிடலாம் என்றது நாளடைவில் எப்படியும் அச்சிடலாம் என்று ஆகிவிட்டது.

மொழிபெயர்ப்புகளிலும் இதே கதிதான். விக்டர் ஹ்யூகோ 1862-இல் ஐந்து பாகங்களாக வெளியிட்ட பிரெஞ்சு நாவலை 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் தந்தவர் சுத்தானந்த பாரதியார். பல ஆண்டுகள் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்தவர், பிரெஞ்சு அறிந்தவர். அப்படிப்பட்ட மரபுள்ள ஊரில், உலக நாவல் என்று நூறு பக்கத்தில் ஒரு புத்தகம் விற்கிறது. மொழிபெயர்த்தவர் பெயர் கிடையாது. நேராக மூலத்திலிருந்து வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்ற குறிப்பு கிடையாது. சுருக்கம் என்ற சொல்கூட அட்டையில் கிடையாது. படித்து முடித்த மாணவன் முழு நாவலையும் படித்துவிட்டதாகவே நம்புகிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடியுமுன் கடலுக்குப் போய்ப் பகலில் கரை சேரும் எங்கள் ஊரான பிள்ளைச்சாவடியின் தம்பி ஒருவர், பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலை இரவல் வாங்கிப் படித்தார். 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். அதற்கு ஆதாரமான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையே படிக்க அவருக்கு ஆசை. பக்கத்து ஊர் நூலகமொன்றில் கேட்டார், இல்லை என்றார்கள். எந்தப் பதிப்பைக் கேட்பது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியின் நடப்பைத் தமிழில் எழுதிவைத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-இல் தொடங்கி 1928-க்குள் 12 தொகுதிகளாக முடிந்துவிட்டது. தமிழ் மூலமோ புதுச்சேரியில் 1948-இல்தான் தொகுதியாக வரத் தொடங்கியது. மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகள் 2019-இல் வந்தன. எங்கள் ஊருக்கு அருகிலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நூலகம் பிள்ளையின் பெயரையே தாங்கி நிற்கிறது. அது மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்குமான இடம். பஸ்ஸில் போகும்போது அந்த வளாகத்தைப் பார்க்கும் எங்களுக்கு, பிள்ளை எழுதியதைப் பார்க்க வழி வேண்டாமா?

புதுச்சேரி அரசும் கலை பண்பாட்டுத் துறையும் மனம்வைத்தால் இது தீரும். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும்போது பதிப்பாசிரியர், மூலம், மொழிபெயர்ப்பாளர், முழு நூலா சுருக்கமா என்ற நான்கு விவரமும் அச்சிட்ட நூல்களை மட்டுமே வாங்க வேண்டும். பாரதி, பாரதிதாசன், திருக்குறள், ஆனந்தரங்கப் பிள்ளை ஆகிய நான்குக்கும் நல்ல பதிப்பு எதுவென்று அறிஞர் குழு சொல்லி, அவற்றைக் கிளை நூலகங்கள் அனைத்திலும் வைக்க வேண்டும். ஏற்கெனவே அலமாரியில் உள்ள சுருக்க நூல்களை எடுத்தெறிய வேண்டாம். 'சுருக்கம்' என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும்.

1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் நகரத்தில் இருக்கிறது. பிள்ளைச்சாவடியிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். கேட்ட புத்தகம் அங்கிருந்து வாரம் ஒருமுறை கிராமத்து நூலகத்துக்கு வந்து திரும்பும்படி ஏற்பாடு வேண்டும். பல்கலைக்கழகமும் சுற்றுவட்டார மக்கள் உட்கார்ந்து படிக்க அனுமதிச் சீட்டு தர முன்வர வேண்டும். பள்ளிப் போட்டிகளுக்கு எந்தப் பதிப்பின் பாடம் என்று கல்வித் துறை சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டால், நடுவருக்கும் பிள்ளைக்கும் ஒரே பக்கம் இருக்கும்.

கடல் அரித்து ஊரின் கரை குறைந்துகொண்டே வருகிறது. கல் கொட்டுங்கள் என்று கேட்டுக்கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். இப்போது கேட்பது கல்லும் இல்லை, கோடியும் இல்லை. ஓர் அலமாரித் தட்டு நிறையச் சரியான புத்தகங்கள். அடுத்த டிசம்பர் 11-க்கு என் மகள் மறுபடியும் பெயர் கொடுக்கப் போகிறாள். அதற்குள் அவற்றை வைத்துவிடுங்கள்.