கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கரையான் புற்று

‘கரையான் புற்றெடுக்க, கருநாகம் குடிபுகுந்தது’ என்று நம் ஊரில் சொல்வார்கள். அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்பவரைக் குத்திக்காட்டும் பேச்சு அது. ஆனால், பாம்பின் பக்கமிருந்து பார்த்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை. கரையானின் உடம்பு மிருதுவானது. காற்று உலர்ந்தால் அது பிழைக்காது. அதனால் புற்றின் உட்புறத்தை ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே இருட்டு, கதகதப்பு, ஈரம் மூன்றும் இருக்கும். ஒரு பாம்புக்கு வேறென்ன வேண்டும்?

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளில் வாழும் ஒரு சிறிய மலைப்பாம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பகலெல்லாம் எலி வளையிலோ, கரையான் புற்றிலோ படுத்திருக்கும். இரவில்தான் வெளியே வரும். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். அதனால் அதற்கு ‘பால் பைத்தான்’ என்று பெயர். குடிக்கிற பால் அல்ல, விளையாடுகிற பால்!

மூன்று முதல் ஐந்து அடி நீளம், விஷம் கிடையாது, சாதுவான சுபாவம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம் வளர்க்கப்படும் செல்லப் பாம்புகளில் இதுவும் ஒன்று. அங்கே அதற்குக் கிடைப்பது புற்று அல்ல, கண்ணாடிப் பெட்டி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஜனவரியில் ஒரு வீடு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பனி. உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. மேலே கம்பி வலை மூடி, அதன்மேல் சூடு தரும் விளக்கு. உள்ளே அவளுடைய பைத்தான்.

அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்கு உணவு, கிண்ணத்தில் தண்ணீர், தினமும் இரண்டு முறை ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளிப்பு. ஆனாலும், பாம்பு சட்டை உரித்தபோது அது முழுதாக வரவில்லை. காய்ந்த வெங்காயத் தோல்போலத் துண்டு துண்டாக வந்தது. முதுகில் சில இடங்களில் ஒட்டியபடியே இருந்தது. வால் நுனியில் மோதிரம் மாட்டியதுபோல ஒரு வளையம். இடது கண் மட்டும் வலது கண்ணைவிட மங்கலாகவும் சுருக்கத்தோடும் தெரிந்தது.

அம்மா புருவம் திருத்தும் ட்வீசரை எடுத்து வந்தார். “கண்ணிலிருக்கிற தோலை மெதுவா எடுத்துடலாம்” என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால், பாம்பு கண்ணை இழக்கக் காரணமாகிவிடக்கூடிய எண்ணம்!

சட்டைக்குள் இருக்கும் சேதி

பாம்புக்கு இமை கிடையாது. இமைக்குப் பதிலாக, கண்ணை மூடியபடி கண்ணாடிபோல ஒரு செதில் இருக்கும். உடம்புத் தோல் உரியும்போது இந்தச் செதிலின் மேலடுக்கும் சேர்ந்து உரிய வேண்டும்.

உரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பு பாம்பின் நிறம் மங்கும். கண்கள் பால் கலந்த நீல நிறமாகும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் சுரப்பதன் அடையாளம் அது. பிறகு கண் தெளியும். அதிலிருந்து சில நாட்களில் பாம்பு மூக்கை ஒரு கல்லிலோ கட்டையிலோ உரசும். உதட்டோரம் பிரியும் தோல், காலுறையைக் கழற்றுவதுபோல உள்புறம் வெளியாகத் திரும்பி, தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாக வந்துவிடும்.

சுற்றியுள்ள காற்று உலர்ந்திருந்தால், பாம்பின் உடம்பிலும் நீர் குறையும். நடுவே இருக்க வேண்டிய திரவம் போதாது. பழைய தோல் பசைபோட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையமாக ஒட்டிய தோல் காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டு நுனியே கருகி விழலாம். கண்ணில் ஒட்டிய செதில், அடுத்தடுத்த முறைகளில் அடுக்கு அடுக்காகச் சேர்ந்தால் பார்வைக்கே ஆபத்து.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முனகும். பூனை மூலையில் போய்ப் படுக்கும். பாம்பு ஒன்றும் சொல்லாது. உரித்துப்போட்ட சட்டைதான் அது எழுதித் தருகிற மருத்துவ அறிக்கை.

சூடு ஏறினால் ஈரம் குறையும்

தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தும் ஏன் போதவில்லை?

ஈரப்பதம் 50 சதவிகிதம் என்றால், அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் பாதி இருக்கிறது என்று அர்த்தம். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 32 டிகிரியில் அதே காற்று சுமார் 34 கிராமைத் தாங்கும். ஆக, 20 டிகிரியில் 50 சதவிகித ஈரப்பதத்துடன் இருக்கும் அறைக் காற்றை விளக்கு 32 டிகிரிக்குச் சூடாக்கினால், நீராவி அதே அளவுதான் இருக்கும். ஆனால், ஈரப்பதம் 25 சதவிகிதத்துக்கு வந்துவிடும். பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் அறைக் காற்றே அந்த அளவுக்கு உலர்ந்திருக்கும். விளக்கின் கீழே நிலைமை இன்னும் மோசம்.

பால் பைத்தானுக்கு வேண்டியது சுமார் 55 முதல் 65 சதவிகிதம். சட்டை உரிக்கும் நாட்களில் 70வரை போகலாம். ஸ்பிரே பாட்டிலால் தெளித்தால் ஈரமானியின் எண் சட்டென்று 80க்கு ஏறும். பார்ப்பவருக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால், அந்த நீர் மேலோட்டமாகத்தான் நிற்கும். சூடான காற்று வலை மூடி வழியாக மேலே போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சற்று நேரத்தில் பழைய கதைதான்.

புற்றைக் கட்டும் விதம்

கரையான் காற்றில் தண்ணீர் தெளிப்பதில்லை. மண்ணில் ஈரத்தைச் சேமிக்கிறது. பெட்டியிலும் அதையே செய்ய வேண்டும்.

முதலில் தரை. செய்தித்தாளும் காகிதத் துண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்காது. தென்னை நார்த்தூளும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்து மூன்று, நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். நார்த்தூள் வேறொன்றுமில்லை. நம் மாடித் தோட்டங்களில் போடும் கோகோபீட்தான். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கப்பலேறும் அதே சரக்கு!

தண்ணீரை மேலே தெளிக்காமல், பெட்டியின் மூலைகளில் மெதுவாக ஊற்ற வேண்டும். அடியில் ஈரம் நிற்கும், மேல்பகுதி கைக்கு உலர்ந்திருக்கும். விளக்கின் சூட்டில் அடி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். ஒரு முறை ஊற்றினால் பல நாட்கள் தாங்கும்.

அடுத்தது மூடி. கம்பி வலையின் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடிவிடலாம். விளக்கு இருக்கும் இடத்தையும் காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் இடத்தையும் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, பாம்பு ஒளிந்துகொள்ள ஒரு ஈர அறை. உடம்பு உரசும் அளவுக்கு நெருக்கமான ஒரு மூடிய டப்பா, ஒரு வாசல். உள்ளே நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசி. கண் நீலமானதும் பாம்பு தானாகவே அதைத் தேடிப் போகும். பாசியில் பூஞ்சை வராமல் அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஈரம் நல்லது என்று சேறாக்கிவிடவும் கூடாது. எந்நேரமும் நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில்களில் சிவப்பும் கொப்புளமும் வந்து அழுகத் தொடங்கும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வரலாம். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, சீழ்க்கைபோலச் சத்தம், மூக்கில் குமிழி போன்றவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாப் பாம்புக்கும் ஒரே கணக்கும் இல்லை. அமெரிக்காவின் சோளப் பாம்புக்கு இதைவிடக் குறைந்த ஈரம் போதும். கென்ய மண்ணுளிப் பாம்புக்கு வறட்சிதான் பிடிக்கும்.

மானியையும் சோதியுங்கள்

முள் வைத்த மலிவான ஈரமானிகள் பத்து, இருபது சதவிகிதம் தவறாகக் காட்டுவது சகஜம். டிஜிட்டல் மானி மேல். அதையும் சமையலறைப் பொருளைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் ஒரு ஜிப் கவரில் வைத்து மூடி, ஓர் இரவு விட்டால் மானி 75 காட்ட வேண்டும். 68 காட்டினால், எப்போதும் 7 கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே வளர்க்கலாமா?

படித்ததும் ஆசை வந்தால், ஒரு நிமிடம் பொறுங்கள். நம் ஊர் மலைப்பாம்பு, நல்ல பாம்பு, சாரை போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போல, சைட்ஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளையும் அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. 2022இல் வந்த திருத்தம் அது.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு கேள்வி உண்டு. பால் பைத்தான் சாதாரணமாகவே இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது. அத்தனை ஆண்டுகள் அதற்கு ஒரு புற்றைக் காப்பாற்றித் தர முடியுமா?

ட்வீசர் என்ன ஆனது?

மினசோட்டா வீட்டில் ட்வீசரைப் பயன்படுத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒட்டியிருக்கும் பழைய செதிலைப் பிடித்து இழுத்தால், அடியிலிருக்கும் புதிய செதிலும் கிழிந்துவிடலாம். அதன்பின் அந்தக் கண் தேறுவது கடினம். கண் விஷயத்தில் ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவர்தான் கை வைக்க வேண்டும்.

உடம்பில் ஒட்டிய தோலுக்கு வீட்டு வைத்தியம் போதும். காற்றோட்டமுள்ள ஒரு டப்பாவில், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுகளுக்கு நடுவே பாம்பை அரை மணி நேரம் விட்டால், அது ஊர்ந்து ஊர்ந்து தானே உரசிக் கழற்றிக்கொள்ளும். வால் வளையம் ஊறியபின் விரலால் மெல்ல நகர்த்தினால் வந்துவிடும். வராவிட்டால் அதற்கும் மருத்துவர்தான்.

அதன்பின் பெட்டியின் தரை மாறுகிறது. மூடிக்கு அலுமினியத் தாள் வருகிறது. மூலையில் ஒரு பாசி அறை வருகிறது. ஸ்பிரே பாட்டில் ஜன்னலோரச் செடிகளுக்குப் போய்விடுகிறது.

அடுத்த முறை பாம்பு சட்டை உரித்ததும் அந்தச் சிறுமி செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஈரம் காய்வதற்குள் சட்டையை மேசையில் விரித்து, தலைப்பகுதியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்கள் இருந்த இடத்தில் சின்ன வாட்ச் கண்ணாடிபோல இரண்டு வட்டங்கள் தெரிகின்றனவா என்று எண்ண வேண்டும்.

இரண்டும் இருந்தால், புற்று சரியாக இருக்கிறது என்று பாம்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது.