இலவச வீட்டுக்கு ரெண்டு வாடகை

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா ஒருத்தர் கேட்டார். "உங்களுக்கென்னப்பா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சம்பளம். வீடு ஃப்ரீ. மிச்சம் பிடிச்சதையெல்லாம் எங்கே போட்டு வெச்சிருக்கே?" வழக்கம் போல சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் தங்கமணி சொன்னாங்க. "ஏங்க, மாமாவுக்குப் பதில் சொல்லாட்டி பரவாயில்லை. நமக்கு நாமே ஒரு தடவை சொல்லிப் பார்ப்போமே." நாக்பூர் வர்றதுக்குள்ள ரெண்டு பேர் சாலரி ஸ்லிப்பையும் மொபைலில் திறந்து, ஒரு பழைய கவர் பின்னாடி கணக்கு போட்டோம். அந்தக் கவர்தான் இப்போ என் முன்னாடி இருக்கு.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நானும் தங்கமணியும் டேராடூன் பக்கத்தில் ஒரு போர்டிங் ஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார்கள். நான் வந்து பதினோரு வருஷம், அவங்க வந்து பத்து. வளாகத்துக்குள்ளேயே ரெண்டு பெட்ரூம் குவார்ட்டர்ஸ். ஊட்டி, கொடைக்கானல் ஸ்கூல்களில் வேலை பார்த்தவங்களுக்கு இந்த வாழ்க்கை தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்கு "வீடு ஃப்ரீயா? கொடுத்து வெச்சவங்க" என்பதோடு விஷயம் முடிஞ்சிடும்.

கணக்குக்கு வர்றேன். என் பேசிக் 62,000. தங்கமணிக்கு 54,000. எங்க ஸ்கூலில் வெளியே குடியிருக்கிற வாத்தியார்களுக்கு பேசிக்கில் 15 சதவீதம் எச்.ஆர்.ஏ. உண்டு. உள்ளே இருந்தால் கிடையாது. அப்படிப் பார்த்தா எனக்கு வராமல் போவது 9,300. தங்கமணிக்கு 8,100. ரெண்டும் சேர்த்து மாசம் 17,400 ரூபாய். இதே மாதிரி வீடு கேட்டுக்கு வெளியே 14,000, நல்லா பேரம் பேசினா 13,000. ஆக, "இலவச" வீட்டுக்கு நாங்க மார்க்கெட் வாடகையை விட மூவாயிரத்துச் சொச்சம் கூடுதலா கொடுத்துட்டிருக்கோம். கையில் வாங்கிக் கொடுத்திருந்தா வலிச்சிருக்கும். வாங்காமலே கொடுத்ததால் பத்து வருஷமா தெரியவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். குவார்ட்டர்ஸில் லாபமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. காலையில் எட்டு மணி கிளாஸுக்கு ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும். குழாய் ஒழுகினா ஸ்கூல் பிளம்பர் வர்றார். 2020-இல் ஸ்கூலை மூடினப்போ சில மாசம் பாதிச் சம்பளம்தான் வந்தது. ஆனா வீட்டை விட்டு யாரும் கிளம்பச் சொல்லலை. குர்காவ்னில் இருந்த என் நண்பன் அந்த வருஷம் வாடகைக்குப் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அதனால் என் வழக்கு வீட்டு மேலே இல்லை. ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரிடம் விலை வாங்குறது மேலேதான்.

நாலு வருஷம் முன்னாடி இதை பர்சாரிடம் கேட்டேன். நல்ல மனுஷன். டீ வரவழைச்சு கொடுத்துட்டு சிரிச்சார். "சர்ஜி, பரிவார் தோ ஏக் ஹீ ஹை நா?" குடும்பம் ஒண்ணுதானே, அடுப்பு ஒண்ணுதானே, ஒரு வீட்டில் இருந்துக்கிட்டு இன்னொரு எச்.ஆர்.ஏ. எதுக்கு? கேட்கும்போது நியாயமாத்தான் பட்டது. எழுந்து வந்துட்டேன். வீட்டுக்கு நடந்து வர்றப்போதான் உறைச்சது.

தங்கமணி சேர்றதுக்கு முன்னாடி அந்த வேலையில் ஒரு மேடம் இருந்தாங்க. கல்யாணம் ஆகாதவங்க. அவங்களுக்குத் தனியா ஒரு குவார்ட்டர்ஸ் இருந்தது. அவங்க போய் தங்கமணி அந்த வேலைக்கு வந்தாங்க. தங்கமணிக்குத் தனி வீடு தேவைப்படலை. காலியான வீட்டை புது பி.டி. மாஸ்டருக்குக் கொடுத்தாங்க. அதாவது, ரெண்டு தனித்தனி வாத்தியார்களை வெச்சா ஸ்கூலுக்கு ரெண்டு வீடு செலவு. புருஷன் பொண்டாட்டியா வெச்சா ஒரு வீடு. மிச்சமானது ஒரு முழு வீடு. அந்த மிச்சம் எங்க கல்யாணத்தால் வந்தது. அதில் எங்களுக்கு ஒரு பைசா பங்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை. எங்க மேத்ஸ் சாரும் அவர் மனைவியும் இதே ஸ்கூல்தான். உள்ளூர்க்காரங்க, சொந்த வீடு. அவங்களும் ஒரே குடும்பம், ஒரே அடுப்பு. ரெண்டு பேருக்கும் எச்.ஆர்.ஏ. வருது. வரட்டும், அது அவங்க உரிமை. ஆனா "பரிவார் ஏக்" தத்துவம் கேட்டுக்கு உள்ளே இருக்கிறவனுக்கு மட்டும்தானா?

"பிடிக்கலைன்னா நீயும் வெளியே போய் இரேன்"னு கேட்கலாம். முடியாது. நான் ஹவுஸ் மாஸ்டர். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கிற வரைக்கும் பசங்க கூட இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பையனுக்கு ஜுரம்னா முதலில் தட்டுறது என் வீட்டுக் கதவைத்தான். தங்கமணிக்கும் வாரத்தில் மூணு நாள் சாயங்கால ப்ரெப் டியூட்டி. அந்த வீட்டில் நாங்க குடியிருக்கோம்னு சொல்றதை விட, டியூட்டியில் இருக்கோம்னு சொல்றது சரி. வீட்டைக் கணக்குப் போடும்போது ரெண்டு பேரும் ஒரு ஆள். டியூட்டி போடும்போது மட்டும் ரெண்டு ஆள்.

இந்த விதி எங்க ஸ்கூல் கண்டுபிடிச்சதில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கே இப்படித்தான். ஒரே ஊரில் கணவனுக்கோ மனைவிக்கோ அரசு வீடு ஒதுக்கிட்டா, இன்னொருத்தருக்கு எச்.ஆர்.ஏ. கிடையாது. வாடகை வீட்டில் இருந்தா ரெண்டு பேருமே வாங்கலாம். டேராடூன் அந்தப் பட்டியலில் ஒய் வகை ஊர். 2024 ஜனவரியில் பஞ்சப்படி 50 சதவீதம் ஆனதும் ஒய் ஊர்களுக்கு எச்.ஆர்.ஏ. 20 சதவீதம் ஆச்சு. விட்டுக்கொடுக்கிற தொகை பெருசாகிட்டே போகுது, விதி மட்டும் அப்படியே இருக்கு. எங்க ஸ்கூலிலும் கேட்டா "கவர்ன்மென்ட்டே அப்படித்தான்"னு சொல்வாங்க. அரசாங்கம் கொடுக்கிற பென்ஷன், வேலைப் பாதுகாப்பு எல்லாம் அப்போ ஞாபகம் வராது.

வருமான வரியும் இருக்கு. தனியார் முதலாளி சொந்த வீட்டை இலவசமா கொடுத்தா, அதுக்கு ஒரு மதிப்பு போட்டு நம்ம வருமானத்தில் சேர்ப்பாங்க. 15 லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை உள்ள எங்க ஊர் மாதிரி இடங்களுக்கு, 2023 செப்டம்பர் 1 முதல் அது சம்பளத்தில் 5 சதவீதம் ஆச்சு. அதுக்கு முன்னாடி எங்களுக்கு ஏழரை சதவீதம். என் பேசிக்கை மட்டும் வெச்சுப் பார்த்தா வருஷத்துக்கு 37,200 ரூபாய் வருமானமா கூடுது. கட்டில், பீரோ ஸ்கூல் கொடுத்தா அதன் விலையில் வருஷம் 10 சதவீதம் தனி. கண்ணில் பார்க்காத பணத்துக்கு வரி. ஆக வரி போடும்போது வீடு சம்பளம், இன்க்ரிமென்ட் பேசும்போது சலுகை!

வெளிநாட்டில் எப்படின்னு ஒரு ஆர்வம். எங்க ஸ்கூலுக்கு ஒரு வருஷம் தென்னாப்பிரிக்கத் தம்பதி ஒண்ணு வந்திருந்தாங்க. அதுக்கு முன்னாடி தென் கொரியாவில் ஒரு ஹாக்வானில், அதாவது தனியார் டியூஷன் சென்டரில், ரெண்டு பேரும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவங்க. அங்கே வெளிநாட்டு வாத்தியாருக்கு வேலை கொடுக்கிறவரே வீடு பிடிச்சுக் கொடுக்கிறது ரொம்ப காலமா வழக்கம். காரணம் கொரிய வாடகை முறை. "ஜொன்சே"ன்னு ஒண்ணு. மாச வாடகையே கிடையாது, ஆனா வீட்டு விலையில் பெரும்பகுதியை மொத்தமா டெபாசிட் கட்டணும். "வொல்சே"ன்னா மாச வாடகை, அதுக்கும் கனமான டெபாசிட். நேத்து விமானத்தில் இறங்கினவன் எங்கே போவான்? ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே. "ரெய்கின்"னு திரும்பியே வராத ஒரு நன்றிப் பணத்தை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு.

அந்தக் கொரிய முதலாளி முதலில் தனி ஆளுக்குக் கொடுக்கிற ஒத்தை ரூமையே இவங்க ரெண்டு பேருக்கும் நீட்டினாராம். படுக்கை போட்டா கதவு திறக்காதாம். அந்தம்மா கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சது. "நாங்க கல்யாணம் பண்ணிக்காம இருந்திருந்தா நீங்க எத்தனை ரூமுக்கு வாடகை கட்டியிருப்பீங்க?" ரெண்டு. "அப்போ ஒரு ரூம் வாடகை எங்கே?" கடைசியில் கொஞ்சம் பெரிய அபார்ட்மென்ட் ஒண்ணு, அது போக மிச்சமான வாடகையில் பாதி மாசா மாசம் அந்தம்மா சம்பளத்தோடு. ஒப்பந்தத்தில் எழுதியே வாங்கினாங்களாம். நான் நாலு வருஷம் முன்னாடி பர்சார் ரூமில் டீ குடிச்சிட்டு எழுந்து வந்ததை அவங்ககிட்ட சொல்லலை :-)

பணத்தோட போனா நான் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். போன வருஷம் நடந்தது வேற. எங்க ஸ்டாஃபில் வங்காளி தம்பதி. தாதா ஹிஸ்டரி, போதி லைப்ரரி. இருபத்திரண்டு வருஷமா ஒரே வீடு. வாசலில் அவங்க வெச்ச கொய்யா மரம் மாடிக்கு மேலே வளர்ந்து நிக்குது. தாதாவுக்கு 58 முடிஞ்சது, ரிட்டயர் ஆனார். வீடு அவர் பேரில். போதிக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ். "அம்மா கிரேடுக்கு ஒரு ரூம் குவார்ட்டர்ஸ்தான் தகுதி"ன்னு சொல்லி முப்பது நாளில் மாத்தச் சொன்னாங்க. பத்தொன்பது வருஷம் எச்.ஆர்.ஏ. வாங்காம அந்த வீட்டுக்கு விலை கொடுத்தவங்க போதி. ஆனா ரெஜிஸ்டரில் அவங்க குடியிருப்பவர் இல்லை, குடியிருப்பவரின் மனைவி.

சாமான் தூக்க நானும் போயிருந்தேன். தாதா புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிட்டே இருந்தார். ஒத்தை ரூமில் அத்தனையும் கொள்ளாது. பாதியை ஸ்கூல் லைப்ரரிக்கே கொடுத்துட்டார். போதி தன் வீட்டுப் புத்தகத்துக்குத் தானே ஸ்கூல் முத்திரை குத்தி நம்பர் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி தங்கமணி எதுவும் பேசலை. ரொம்ப நேரம் கழிச்சு, "நம்ம வீடும் உங்க பேரில்தானே?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஆமாம். எனக்கு இப்போ 47. திருச்சிக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கேன், வேலி கூட கிடையாது. "இப்போ எதுக்கு வீடு, குவார்ட்டர்ஸ் இருக்கே"ன்னு பதினோரு வருஷம் ஓட்டியாச்சு. எங்க ரெண்டு பேர் வேலையும் ஒரே இடம், வீடும் அதே இடம். ஒரு கையெழுத்தில் மூணும் போகும். இதில் ஸ்கூலை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். குவார்ட்டர்ஸ் மயக்கம் என்னோடது.

சரி, என்னதான் வேணும்ங்கிறே? ரெண்டு வீடு கேட்கலை, முழு எச்.ஆர்.ஏ. கூட கேட்கலை. மூணே விஷயம். ஒண்ணு, தம்பதியில் ரெண்டாமவருக்குப் பாதி எச்.ஆர்.ஏ.வாவது கொடுக்கணும். எங்க கணக்கில் மாசம் 4,050 ரூபாய். எங்களால் மிச்சமான அந்தக் குவார்ட்டர்ஸை வெளியே பிடிச்சா ஆகிற வாடகையில் பாதி கூட வராது. ரெண்டு, ஒதுக்கீடு ரெண்டு பேர் பேரிலும் இருக்கணும். ஒருத்தர் ரிட்டயர் ஆனாலும், இல்லாமலே போனாலும், இன்னொருத்தர் சர்வீஸ் இருக்கிற வரை அதே வீடு. இதுக்கு ஸ்கூலுக்கு ஒரு பைசா செலவு இல்லை, ஒரு ரெஜிஸ்டரில் ஒரு வரி போதும். மூணு, காலி பண்ண முப்பது நாள் இல்லை, ஆறு மாசம்.

இதை லெட்டரா எழுதி, போன திங்கட்கிழமை பர்சாரிடம் கொடுத்தேன். இந்தத் தடவை தங்கமணியும் கூட வந்தாங்க. லெட்டரில் முதல் கையெழுத்து அவங்களுது. பர்சார் அதே மாதிரி டீ சொன்னார், அதே மாதிரி சிரிச்சார். தங்கமணி டீயைத் தொடாம சொன்னாங்க, "சர், பரிவார் ஒண்ணுதான். எம்ப்ளாயீ ரெண்டு." லெட்டர் மேனேஜ்மென்ட்டுக்குப் போகும்னு சொல்லியிருக்கார். பார்ப்போம்.

தம்பதியா வேலை தேடுற சின்னப் பசங்களுக்கு ஒரு அண்ணனா சொல்றேன். டேராடூனோ, கொரியாவோ, மாலத்தீவோ, "வீடு ஃப்ரீ"ன்னு சொன்னா சந்தோஷப்படுங்க. சந்தோஷப்பட்ட கையோட நாலு கேள்வி கேளுங்க. வீடு யார் பேரில்? வேண்டாம்னா எவ்வளவு பணம்? ரெண்டாவது ஆளுக்கு என்ன? வேலை போனா எத்தனை நாள்? பதிலை வாயால் வாங்காதீங்க, எழுத்தில் வாங்குங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேட்டா அது பேச்சுவார்த்தை. பத்து வருஷம் கழிச்சுக் கேட்டா அது மனு.

பி.கு: மாமாவுக்கு ஃபோன் பண்ணி முழுக் கணக்கையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிப்பா, அந்த மனையில் முதலில் ஒரு வேலியைப் போடு"ன்னார். பெரியவங்க பெரியவங்கதான்.