முழங்கால்களுக்கு முன்பே தாழ்ந்த உடல்கள்

பெங்களூரின் ஸ்ரீராம்புரம் ஆலைத் தொழிலாளரை நம்பி வளர்ந்த பகுதி. அருகிலிருந்த ராஜா மில் நின்ற இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது; தமிழ்க் குடும்பங்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. இத்தகைய குடியிருப்புகளில் கிறித்தவ வீடுகளின் இரவுச் செபம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது ஆய்வுக்குரியது. நாள் முழுதும் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த பெண், முழந்தாளிட்டதும் முதலில் சொல்வது தான் ஒன்றுக்கும் தகுதியற்றவள் என்பதையே. கடன், குழந்தையின்மை, கணவனின் குடி என அனைத்திற்கும் காரணம் அவளது பாவத்திற்குள் தேடப்படுகிறது. பகலில் பிறர் சுமத்திய இழிவை இரவில் தானே தன்மேல் சுமத்திக்கொள்வதற்குச் செபம் என்ற பெயர் வாய்த்துவிட்டது.

இதற்கு விவிலியத்தின் துணை இருக்கிறதா? யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர் இது யார் செய்த பாவம் என்று வினவுகின்றனர். அவனும் அல்லன், அவன் பெற்றோரும் அல்லர் என்பதே இயேசுவின் மறுமொழி. உபவாசக் கூட்டங்கள் பலவற்றில் சீடரின் கேள்வி மட்டுமே நிலைத்து, மறுமொழி மறைந்துபோவது வியப்பிற்குரியது.

நாணத்தை வேண்டிப் பெறும் மரபு திருச்சபையில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள், முதல் வாரத்தில் வெட்கத்தையும் கலக்கத்தையும் அருளாகக் கேட்கச் சொல்கின்றன. ஆயினும் அதே நூலில், அன்றாட ஆன்ம சோதனையின் முதற்படி நன்றி கூறுதலே. பாவத்தை நோக்குவது அதன் பின்னர்தான். நடைமுறையில் முதற்படி உதிர்ந்து கணக்குத் தீர்ப்பது மட்டும் எஞ்சியது. இயேசு சபையைச் சேர்ந்த அந்தோனி டி மெல்லோ 1978இல் வெளியிட்ட ‘சாதனா’, மூச்சையும் உடலின் உணர்வுகளையும் கவனித்தலில் தொடங்குகிறது. தன்னை அளந்து பார்க்காமல் இறைமுன் வெறுமனே இருப்பதும் செபமே என்று பலருக்கு அது உணர்த்தியது.

பெங்களூரிலேயே மற்றொரு முயற்சி நிகழ்ந்தது. தமிழரான து. ச. அமலோற்பவதாஸ் அடிகளார் 1967இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம், வழிபாட்டில் உடலின் மொழியை மாற்ற முனைந்தது. தரையில் அமர்தல், அஞ்சலி, ஆரத்தி, பஞ்சாங்கப் பிரணாமம் முதலிய பன்னிரண்டு தழுவல்களுக்கு 1969இல் உரோமை இசைவளித்தது. மேலைக் கத்தோலிக்கத்தின் மண்டியிடலே வணக்கத்தின் ஒரே வடிவம் அன்று என்பதை அம்மாற்றம் நிறுவியது. இதன் பெருமையை மறுப்பதற்கில்லை. எனினும் தலித் இறையியலாளர் எழுப்பிய வினாவும் நியாயமானதே: இந்திய மரபு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் வடமொழிக் கோயிலின் மரபுகளே. ஊர்த்தெருவில் தலைமுறைகளாக விழுந்து வணங்க வைக்கப்பட்ட உடலுக்குப் பஞ்சாங்கப் பிரணாமத்தில் என்ன புதுமை? பாவ மன்னிப்புச் சடங்கின் பகுதியாகவும் அது பரிந்துரைக்கப்பட்டது என்பது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் மதுரை, தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாப்பிலஸ் அப்பாவு கூடுதலாகப் பயன்படுவார். பறையையும் நாட்டார் மெட்டையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்த அவர், இறைவனை அரசனாகவோ ஆண்டையாகவோ விளிக்காமல் பெற்றவராக விளித்தார். விளி மாறினால் செபிப்பவரின் இருப்பும் மாறுகிறது. ஆண்டை முன் நிற்பவர் தன் தகுதியின்மையை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். பெற்றவர் முன் அந்த முன்னுரை தேவையில்லை, கோபித்துக்கொள்ளவும் செய்யலாம். தமிழ்ப் பக்தியில் நிந்தாஸ்துதிக்கும் இடமுண்டு. நாட்டுப்புறத்தில் ஒப்பாரிக்கும் உண்டு. கிறித்தவச் செபம் இவற்றை அநாகரிகம் என ஒதுக்கியதில் இழப்பே மிகுதி.

தன்னைத் தீர்ப்பிடாத செபம் மனந்திரும்புதலை நீர்த்துப்போகச் செய்யும் என்பது வழக்கமான எதிர்வாதம். செய்த செயலுக்கு வருந்துவது வேறு, பிறந்திருப்பதற்கே வெட்குவது வேறு. முன்னது ஈடுசெய்யத் தூண்டும், பின்னது முடக்கும். கூலியைப் பிடித்துக்கொள்பவர் மார்பில் தட்டிக்கொள்ளட்டும். கூலி மறுக்கப்பட்டவளும் அதே சொற்களால் அதே அளவு தட்டிக்கொள்ள வேண்டும் என்ற வழிபாட்டுச் சமத்துவம் எவருக்கு வசதியானது?

அவளுக்கான சொற்களைப் புதிதாக இயற்றவும் வேண்டியதில்லை. 88ஆம் திருப்பாடலில் பாவ அறிக்கை ஒரு வரியும் இல்லை, முடிவில் ஆறுதலும் இல்லை. இரவும் பகலும் கூப்பிட்டவரின் முறையீடு இருளிலேயே நிற்கிறது. அந்த வீட்டின் விவிலியத்தில் அதுவும் அச்சாகித்தான் இருக்கிறது.