வருஷம் பூரா லேகியமா?

பண்டிகை முடிந்து பத்து நாள் ஆனால் என் கிளினிக்கில் கூட்டம் கூடிவிடும். எண்ணெய்ப் பலகாரம் தின்று வயிறு கெட்டவர்கள் ஒரு ரகம். நான் சொல்ல வந்தது இன்னொரு ரகம்: பண்டிகையின்போது நன்றாக இருந்துவிட்டு, முடிந்ததும் படுத்துக்கொள்கிறவர்கள்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். வாய்வு, பசியில்லை, ராத்திரி தூக்கமில்லை என்று மாசாமாசம் இதே பல்லவி. பரிசோதித்ததில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தீபாவளி கழித்து வந்தவர், "வைத்தியரய்யா, நீங்க கொடுத்த லேகியம் சாப்பிட்ட ஒரு வாரமும் தொந்தரவே இல்லை. அதையே வருஷம் பூரா கொடுத்துடுங்க" என்றார்.

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை சேர்ந்த லேகியம் செரிமானத்துக்கு நல்லதுதான். நானே கிண்டுகிறேன், குறை சொல்வேனா? ஆனாலும் விசாரித்தேன். அந்த வாரம் மகன், மருமகள், பேரன் எல்லோரும் வீட்டில் இருந்திருக்கிறார்கள். லேகியத்தை உருட்டிக் கொடுத்தது பேரன். சாப்பாடு ஒரே பந்தி. மற்ற நாட்களில் மகனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட், மருமகளுக்குக் கடை வேலை, பேரனுக்கு டியூஷன். பெரியவர் டி.வி. முன்னால் தனியாக ஆறின சோற்றைப் பிசைகிறார்.

முன்பு அந்த வீட்டில் இப்படி இல்லை. கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கென்று தனி நாடா. அதைத் தள்ள பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆகணும். தறி நிற்கிற நேரம்தான் வீட்டுக்கே சாப்பாட்டு நேரம். (அதற்காகப் பேரனைத் தறியில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது நல்லதுதான்.)

எனக்குப் பாளையங்கோட்டை ஞாபகம் வந்தது. அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், கூடப் படித்த நண்பன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போவான். வாசலில் ஸ்டார், உள்ளே அதிரசமும் முந்திரிக்கொத்தும், பம்பாயிலிருந்து வந்த சித்தப்பா. நம் தீபாவளி போலத்தான். என்னை அசத்தியது வேறு. பிப்ரவரியில் ஒருநாள் சாயங்காலம் சும்மா போனேன். ஸ்டார் இல்லை, பலகாரம் இல்லை. ஆனால் எட்டு மணிக்குப் பாயை விரித்து, பாட்டி முதல் சின்னப் பிள்ளை வரை உட்கார்ந்துவிட்டார்கள். குடும்ப ஜெபம், கால் மணி நேரம். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது. முடிந்ததும் எல்லோருக்கும் அப்படியே சாப்பாடு. பாட்டி ஒரு கவளம் குறைத்தால் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் நாடி பார்ப்பதற்கும் முந்தின பரிசோதனை அது. டிசம்பர் 25-ல் நான் பார்த்த சந்தோஷமெல்லாம் அந்தப் பாயில்தான் வருஷம் பூரா வளர்ந்தது என்று பிறகுதான் புரிந்தது.

பெரியவருக்கு லேகியம் தரவில்லை. வெல்லம் சேர்ந்த சாமான். வருஷம் பூரா விழுங்குவதற்கல்ல. சர்க்கரை உள்ளவர்கள் தொடவே யோசிக்கணும். மகனைக் கூட்டிவரச் சொன்னேன்.

"எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுது சார், என்ன செய்யட்டும்?" என்றார் அவர். நியாயமான கேள்வி. ராத்திரி முடியாவிட்டால் காலை. ஏழு நாள் முடியாவிட்டால் மூன்று நாள். ஒரே பந்தி, டி.வி.யும் செல்போனும் அணைத்து. வாரம் ஒருநாள் எல்லோருக்கும் எண்ணெய் முழுக்கு. தேரையர் நாலு நாளைக்கு ஒருமுறை என்கிறார். நான் ஒன்றுதான் கேட்டேன். அன்றைக்குக் குடலை இட்லி. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் வரதராஜப் பெருமாள் கோவில் இட்லி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் வேகிறது. குடலைக்கு ஒரே இட்லி. வீட்டில் சின்னதாகச் செய்தாலும் அறுத்துப் பங்கு போட்டுத்தான் தின்னணும். அதற்குச் சுற்றி ஆட்கள் வேணும்.

போன வாரம் பெரியவர் வந்தார். வாய்வு முழுசாகப் போகவில்லை. "செவ்வாய்க்கிழமை நான் ரெண்டாம் தரம் சோறு போட்டுக்கலை. ஏன் தாத்தான்னு பேரன் கேட்டுட்டான்" என்றார். லேகியத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முழங்காலுக்குத் தைலம் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.