மெழுகு செட்டு வைத்துப் பார்க்கும் நாள்

எனக்கு முதலில் வந்த கோபமெல்லாம் ஒரு தாளின் மேல். அம்மாவுக்குப் பல் செட்டு வைக்க ஏற்பாடு நடக்கிறது. பல் பிடுங்குவதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் ஒரு தாளை மடித்து அம்மா கையில் கொடுத்து, "எல்லாம் இதிலுண்டு அம்மே" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் மலையாளம். அம்மா கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மலையாளம் நன்றாகப் பேசுவார், பஸ் போர்டை வாசிப்பார். ஈறு, புண், மருந்து என்று நெருக்கியடித்த இரண்டு பக்கத்தை அவரால் வாசிக்க முடியாது. பையில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார்.

இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கோபம் புதிதல்ல. ரேஷன் கார்டுக்கு எழுதினேன், நில வரி ரசீதுக்கு எழுதினேன். ஒவ்வொரு முறையும் சொன்னதை இப்போதும் சொல்கிறேன். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் நாம் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில்தான் வர வேண்டும் என்கிறது அது. யாரும் புதிதாக எதையும் தர வேண்டாம், கொடுத்ததை நடத்தினால் போதும்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது 'மந்தஹாசம்' பற்றி. கேரள சமூகநீதித் துறையின் திட்டம் அது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 வயது கடந்தவர்களுக்குப் பல் செட்டு வைக்க 10,000 ரூபாய் வரை உதவி. எல்லைக் கிராமங்களில் தெருவுக்கு நாலு பேருக்காவது பயன்படும். அதன் விண்ணப்பமும் மலையாளத்தில்தான் கைக்கு வருகிறது, அதைத்தான் இந்த வாரம் விளாச நினைத்தேன்.

ஆனால் அந்தத் தாளை நான் தமிழில் வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்ட கேள்விகள் வேறாக இருந்தன. "பல்லெல்லாம் புடுங்கிட்டா செட்டு வர்ற வரைக்கும் நா எதத் திங்கறது கண்ணு?" "தூக்கத்துல முழுங்கிட்டா?" கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அதப் போட்டுட்டுப் பேசுனா நாஞ் சொல்றது உங்களுக்கு வெளங்குமா?" அன்றிலிருந்து எனக்கு விண்ணப்பத்தை விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. பல் செட்டை டாக்டர் செய்து கொடுத்துவிடுவார். அதற்கு அம்மாவைத் தயார் செய்வது வீட்டில் இருக்கிறவர்கள் வேலை. பணமோ அரசோ அதைச் செய்ய முடியாது.

முதல் வேலை மாத்திரைகள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது, எலும்பு பலத்துக்கு என்று தந்தது, எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் பரப்ப வேண்டும். பெரியவர்கள் "சுகருக்கு மட்டும் சாப்பிடறனுங்க" என்று முடித்துவிடுவார்கள். சில எலும்பு மருந்துகள் எடுக்கிறவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ரத்த மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது. வாயை உலர்த்தும் மாத்திரைகளும் உண்டு. மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்பதே மெல்லிய எச்சில் படலத்தின் பிடியில்தான்.

அடுத்தது சாப்பாட்டுக் கவலை. பல் பிடுங்கியதும் புண் ஆறி ஈறு ஒரு வடிவத்துக்கு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். தாடை எலும்பு வேகமாகக் கரைவதும் அந்த முதல் மாதங்களில்தான். அவசரப்பட்டு அளவெடுத்தால் செட்டு சீக்கிரம் தளர்ந்துவிடும். அதுவரை கஞ்சியை மட்டும் ஊற்றி அவர்களை மெலிய விடக் கூடாது. ராகிக் கூழ், கடைந்த பருப்பு, தயிர், அரைவேக்காட்டு முட்டை, குழைந்த சாதத்தில் மசித்த கீரை என்று எங்கள் அடுப்பில் நடக்கிறது.

செட்டு வந்த பிறகு என்ன ஆகும் என்பதை மழுப்பாமல் முன்பே சொல்லிவிட வேண்டும். சொந்தப் பல்லின் கடிக்கும் பலத்தில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். கீழ்ச் செட்டு ஆடத்தான் செய்யும், நாக்கும் கன்னமும் அதைப் பிடித்து வைக்கப் பழக வேண்டும். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டு பின்னால் தூக்கிக்கொள்ளும். முதலமடை மாம்பழ சீசனில் அம்மா பழத்தை முழுசாகக் கடித்துச் சப்பிச் சாப்பிடுகிறவர். இனிமேல் துண்டு போட்டு, இரண்டு பக்கமும் மென்றுதான் சாப்பிட வேண்டும் என்றேன். முகம் வாடியது. வாடட்டும், செட்டு வந்த பின் ஏமாறுவதைவிட இது தேவலாம். பேச்சுக்கு, தினமும் செய்தித்தாளைக் கொஞ்ச நேரம் சத்தமாக வாசிப்பது நல்ல பயிற்சி. தூக்கத்தில் விழுங்கும் பயத்துக்குப் பதில் சுலபம், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். 85 வயது தாண்டிய 524 பேரை ஜப்பானில் ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை, செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பு என்கிறது. வெந்நீரில் மட்டும் போடக் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான நாளைப் பற்றித்தான் யாரும் நமக்குச் சொல்வதில்லை. அளவெடுத்து, மேல்தாடையும் கீழ்தாடையும் சேரும் உயரத்தைக் குறித்த பிறகு, பற்களை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பார்கள். பல்லின் நிறம், நீளம், சிரித்தால் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையெல்லாம் அன்றைக்கு மாற்றலாம். மெழுகு போய் அக்ரிலிக் ஆனபின் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அன்று நம் பெரியவர்கள் கண்ணாடியைப் பார்த்து "நல்லா இருக்குங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். டாக்டரிடம் குறை சொல்வது மரியாதையில்லை என்று நினைக்கிற தலைமுறை அது. வீட்டுக்கு வந்தபின் "இது என் மொகமே இல்ல" என்று செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்கள். டப்பாவிலேயே கிடக்கும் பல் செட்டுகளை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதியாவது மெழுகு நாளில் கூட ஒருவர் போயிருந்தால் வாயில் இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இடுக்கி மலையில் கதை இன்னும் கடினம். என் மாமியார் வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் வாழ்ந்தவர். கொழுந்து கிள்ளும் பெண்களுக்குக் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை பாக்கும் புகையிலையும்தான் துணை. வருஷக்கணக்கில் பாக்கு மென்ற வாயில் உள்சதை இறுகி, வாய் திறப்பே குறுகிப்போகிறது. அளவெடுக்கும் தட்டு உள்ளே நுழையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் மலையில் வெற்றிலை போடுகிற அம்மா இருக்கிறவர்கள் பல் செட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு மலையிறங்கிப் போய்வரவே ஒரு நாள் போய்விடும். பல் செட்டு ஒரு தடவை போய் முடிகிற வேலையும் இல்லை. எல்லா நாளும் கூடப் போக முடியாத பிள்ளைகள் மெழுகு நாளுக்கு மட்டுமாவது லீவு போடுங்கள்.

எங்களுக்கு அந்த நாள் வருகிற புதன்கிழமை. அம்மாவுக்குப் பல் இருந்த காலத்தில், தங்கை கல்யாணத்தில் சிரித்தபடி எடுத்த படத்தை டாக்டரிடம் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன். முன்பல் நீளம் அதில் தெளிவாகத் தெரிகிறது. தங்கையும் பொள்ளாச்சியிலிருந்து வருகிறாள். அம்மா "நல்லா இருக்குங்க" என்று சொன்னதும் எழுந்துவிடாமல், மெழுகுச் செட்டோடு கொஞ்ச நேரம் அவரைப் பேசவைத்துக் கேட்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.